கிரைண்டர் ஷாக்கும் பைகாரா கரண்ட்டும்

பழைய வீட்டை இடிக்காமல் புதுப்பிக்கிறேன் என்று கிளம்பினவர்கள் யாரைக் கேட்டாலும் ஒரு வசனம் சொல்லுவாங்க. "முன்னாடி வேலை பார்த்தவன் மட்டும் கையில கிடைச்சான்..." நானும் இந்த வசனத்தை நாலு மாசம் சொல்லிக்கிட்டு இருந்தேன். கடைசியில் ஆள் கையில் கிடைத்தான். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் கொசுவத்தி, நிறைய சரித்திரம், நடுநடுவே வயரிங் பாடம். பொறுமை இருக்கிறவங்க உள்ளே வாங்க.

வீடு கோவையில், பீளமேட்டுப் பக்கம். 1936-ல் எங்க அப்பாரு கட்டினது. (அப்பாவோட அப்பா. எங்க ஊரில் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.) பஞ்சு வியாபாரம் செய்தவர். முன்னால் திண்ணை, நடுவில் கூடம், ரெண்டு பக்கமும் அறைகள், மேலே சீமை ஓடு. 1967-ல் அப்பா கல்யாணத்துக்காகப் பின்பக்கம் ஒரு சமையலறை, ஒரு பாத்ரூம், ஒரு ரூம் சேர்த்தாங்க. 1996-ல் டைல்ஸ் ஒட்டி, பெயின்ட் அடித்து ஒரு "முகப்பூச்சு" நடந்தது. போன வருஷம் அம்மாவுக்கு எண்பது முடிந்தது. ராத்திரியில் எழுந்து பின்கட்டுக்குப் போக முடியவில்லை. ரூமோடு சேர்ந்த பாத்ரூம், கீசர், ஒரு ஏ.சி. இவ்வளவுதான் திட்டம். தங்கமணி போட்ட பட்ஜெட்டில் 'எலக்ட்ரிக்கல்' என்ற வரியில் இருந்ததுதான் ஆகச் சின்ன தொகை.

முதல் நாளே வயர்மேன் அண்ணன் மெயின் பாக்ஸைத் திறந்து பார்த்துட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங்க சார், இந்த வீட்டுக்கு எத்தனை பேரு வயரிங் பண்ணியிருக்காங்க?"

"தெரியலீங்களே. ஏன்?"

"உள்ள நாலு ஆளு கை தெரியுதுங்க. ஒருத்தர் கை இன்னொருத்தருக்குத் தெரியாம பண்ணியிருக்காங்க."

அவர் சும்மா சொன்ன வார்த்தை அது. ஆனா சுவரை உடைக்க உடைக்க அது எவ்வளவு சரின்னு புரிஞ்சுது. கோயில் மதிலில் ஒரு ராஜா வெட்டின கல்வெட்டுக்குப் பக்கத்தில் அடுத்த ராஜா வெட்டின மாதிரி, ஒவ்வொரு காலத்து வயரும் அப்படியே உள்ளே இருந்தது. யாரும் எதையும் எடுக்கவில்லை. பழசின் மேலேயே புதுசை முறுக்கிச் சேர்த்திருந்தாங்க.

முதல் கை: 1936

கூடத்து ஓட்டுக்குக் கீழே, உத்தரத்தை ஒட்டி ஒரு தேக்குச் சட்டம் ஓடும். சின்ன வயசில் அது அலங்காரம்னு நினைச்சிருந்தேன். அண்ணன் அதன் மேல்மூடியைத் திருப்புளியால் நெம்பினார். உள்ளே ரெண்டு வாய்க்கால் மாதிரி வெட்டு. ஒன்றில் ஒரு வயர், இன்னொன்றில் இன்னொரு வயர். மரத்தில் செய்த கேசிங் கேப்பிங். ஒரு ஆணிகூடத் துருப்பிடிக்கவில்லை, எல்லாம் பித்தளைத் திருகு. மூலையில் சட்டங்கள் சேரும் இடத்தை ஆசாரி நாற்பத்தஞ்சு டிகிரிக்குச் சீவிப் பொருத்தியிருந்தார். இப்போ அந்த வேலைக்கு ஆள் கிடைக்காது.

இந்தக் கரண்ட் எங்கிருந்து வந்ததுன்னு கொஞ்சம் பார்க்கலாம். மெட்ராஸில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது. ஆனா கோவைக்கு விடியல் வந்தது நீலகிரியிலிருந்து. பைகாரா ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் இறக்கி மின்சாரம் எடுக்கும் வேலை 1929-ல் தொடங்கியது, 1932-ல் மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. தண்ணீர் விழும் உயரம் கிட்டத்தட்ட 3000 அடி. 1920-களில் மெட்ராஸ் அரசாங்கத்தில் இருந்த சர் சி.பி. ராமசாமி ஐயர் இந்தத் திட்டத்துக்காக நின்று வாதாடியவர். அந்தக் கம்பி கோவைக்கு இறங்கியதும் ஊர் முகமே மாறியது. சுத்துப்பட்டில் கரிசல் மண்ணும் பருத்தியும் ஏற்கெனவே இருந்தது, இல்லாதது மலிவான மின்சாரம்தான். 1930-களில் மில்கள் வரிசையாக முளைத்ததற்கு அது பெரிய காரணம். 1934-ல் மேட்டூர் அணை முடிந்து, 1937-ல் அங்கேயும் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள்.

மில்லுக்கு வந்த கரண்ட்டில் ஒரு கிளைதான் வீடுகளுக்கு. அதனால் வீட்டில் கரண்ட் என்பது அப்போ ஒரு அந்தஸ்து. எங்க வீட்டில் மொத்தமே ஏழு லைட்டு, ஒரு ஃபேன். பிளக் பாயின்ட் ஒன்றே ஒன்று, ரேடியோவுக்காகப் பின்னால் வைத்தது. எர்த் வயர் கிடையாது. எதுக்கு? தொட வேண்டிய சாமான் எதுவும் இல்லையே. சுவிட்ச் பீங்கானும் பித்தளையும் கலந்தது, குமிழைத் தட்டினா 'டக்'குனு சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

இங்கே ஒரு தமாஷ். வாய்க்காலில் இருந்த வயரின் நுனி வெள்ளி மாதிரி மின்னியது. "அலுமினியமுங்க" என்றார் அண்ணன். பிளேடால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே செக்கச்செவேல்னு செம்பு! மேலே பூசியிருந்தது ஈயம், பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோமே, அதேதான். அந்தக் காலத்து வயருக்கு உறை ரப்பர். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பாங்க. அந்தக் கந்தகம் செம்பை அரிக்கும். ரெண்டுக்கும் சண்டை வராம இருக்க நடுவில் ஈயப்பூச்சு. யாரோ யோசித்துச் செய்த வேலை.

ஆனா ரப்பருக்கு ஆயுள் உண்டு. நம்ம ஊர் சூட்டில், ஓட்டுக்கு அடியில், முப்பது நாற்பது வருஷத்தில் காய்ந்து முறுக்கு மாதிரி ஆயிடும். தொடாத வரைக்கும் கம்பி மேல் அப்படியே இருக்கும். கையில் எடுத்து வளைத்தால் பொடியாக உதிரும். எண்பது வருஷம் தாண்டின அந்த வயரை ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் வளைத்து, முறுக்கி, புதுசு சேர்த்திருக்கிறார். உதிர்ந்த இடத்தில் கம்பி வெறுமனே தேக்கு மரத்தில் படுத்துக் கிடந்தது. பக்கத்து வாய்க்காலில் இன்னொரு வெறும் கம்பி. நடுவில் கால் அங்குல மரம். மேலே மழைக்கு ஒழுகும் ஓடு. இவ்வளவு நாள் இதுக்குக் கீழேதான் பாய் விரித்துப் படுத்திருக்கிறோம்.

மெயினில் இன்னொரு விஷயம் இருந்தது. பீங்கான் ஃபியூஸ் கட்டை ரெண்டு, பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று. இதுவும் அந்தக் காலத்துப் பழக்கம்தான். நேர்மின்சாரக் காலத்தில் ரெண்டு கம்பியில் எது ஆபத்தானதுன்னு உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் ரெண்டிலும் ஃபியூஸ் வைப்பாங்க. மாறுமின்சாரம் வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. இந்த நியூட்ரல் ஃபியூஸை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கங்க. கதையில் திரும்ப வரும்.

இரண்டாவது கை: 1967

பின்பக்கம் சேர்த்த பகுதிக்குப் போனோம். இங்கே வாய்க்கால் மரம் இல்லை. சுவரில் மெல்லிய தேக்கு ரீப்பர், அதன் மேல் வயர், அரையடிக்கு ஒரு தகரக் கிளிப். உறை இப்போ பிளாஸ்டிக், அதாவது பி.வி.சி. அது இன்னமும் நல்லாவே இருந்தது. ஆனா உள்ளே கம்பி வெள்ளி நிறம். சுரண்டினேன். இன்னும் வெள்ளி. இது நிஜமாகவே அலுமினியம்.

ஏன் அலுமினியம்? "கஞ்சத்தனம்" என்று அப்பாவைத் திட்டிட்டேன். பாவம், தப்பு அவர் மேல இல்லை. நம்ம நாட்டில் செம்பு போதுமான அளவு கிடைக்காது, பெரும்பகுதி இறக்குமதி. 1960-களில் அந்நியச் செலாவணி எப்படிப்பட்ட நெருக்கடியில் இருந்ததுன்னு உங்களுக்கே தெரியும். 1962-ல் சீனாவோடு சண்டை, 1965-ல் பாகிஸ்தானோடு, 1966-ல் ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள். ஆனா பாக்சைட் நம்மிடமே இருக்கு. நம்ம மேட்டூரிலேயே 1960-களில் அலுமினியத் தொழிற்சாலை வந்தது, சேர்வராயன் மலைப் பக்கத்து மண்ணை எடுத்து. செம்பை மிச்சம் பிடி, அலுமினியத்தைப் பயன்படுத்து என்பது அன்றைக்கு தேசியக் கொள்கை. அப்பா கடைக்குப் போய்க் கேட்டிருந்தாலும் செம்பு வயர் லேசில் கிடைத்திருக்காது.

அலுமினியம் கெட்ட உலோகம் இல்லீங்க. ரோட்டு மேல் போகும் லைன் எல்லாம் அதுதான். சிக்கல் இணைப்பில்தான். ஒரே பருமன் உள்ள செம்புக் கம்பியோடு பார்த்தால் அறுபது சதவீத அளவுதான் மின்சாரம் கடத்தும், அதனால் கம்பி தடிமனாக இருக்கணும். சூட்டில் செம்பைவிட அதிகமாக விரியும். காற்றுப் பட்டதும் மேலே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகும், அது மின்சாரத்தைக் கடத்தாது. திருகுக்கு அடியில் வைத்து இறுக்கினால் மெதுவா நசுங்கிக்கொடுக்கும். ஆக, இறுக்கிய திருகு சில வருஷத்தில் தானாகவே தளர்ந்த மாதிரி ஆயிடும். தளர்ந்த இடம் சுடும். சுட்டால் இன்னும் விரியும். இப்படியே போகும்.

சூடுன்னா எவ்வளவு? ஒரு இணைப்பில் ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருக்குன்னு வைங்க. அதன் வழியே 10 ஆம்பியர் போனால் 10 வாட் சூடு. ஒரு கடுகளவு இடத்தில், ஒரு சின்ன சால்டரிங் அயர்னோட சூடு. பக்கத்தில் எண்பது வருஷத் தேக்கு.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் செம்பு விலை ஏறின 1965-லிருந்து 1973 வரைக்கும் நிறைய வீடுகளுக்கு அலுமினிய வயர்தான் போட்டாங்க. பிறகு அந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கணக்குப் பார்த்தது. 1972-க்கு முந்தின அலுமினிய வயர் வீடுகளில், ஏதாவது ஒரு இணைப்பு தீப்பிடிக்கும் நிலைக்கு வரும் வாய்ப்பு, செம்பு வயர் வீடுகளைவிட 55 மடங்கு. பணக்கார நாட்டுக்கும் அதே பிரச்சினை, அதே காரணம்.

எங்க வீட்டில் 1967 வயர் 1936 வயரோடு எங்கே சேர்ந்தது? கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுச் சுவரில். ஈயம் பூசின செம்பும் அலுமினியமும், ரெண்டும் வெள்ளி நிறம். சேர்த்தவர் ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சிருக்கணும். கையால் முறுக்கி, துணி டேப் சுத்தி, மேலே சுண்ணாம்பு. டேப் கருகி, சுற்றியிருந்த ரீப்பர் கரியாக ஆகியிருந்தது. விரலால் தேய்த்தேன், கறுப்பாக ஒட்டியது. அன்னிக்கு ராத்திரி சரியாத் தூங்கலை.

மூன்றாவது கை: ஃபியூஸ் கம்பி

1970-களிலும் 80-களிலும் யாரும் சுவரை உடைக்கவில்லை. ஆனா அதுதான் பெரிய மாற்றம் நடந்த காலம். ஏழு லைட்டுக்குப் போட்ட வயரில் இஸ்திரிப் பெட்டி, மிக்சி, ஃபிரிட்ஜ், டி.வி., தண்ணி சுட வைக்கும் ராடு எல்லாம் வந்து உட்கார்ந்தது. 1500 வாட் ராடு ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதை 5 ஆம்பியர் பாயின்டில் செருகினா ஃபியூஸ் போகத்தானே செய்யும்? போச்சு. அடிக்கடி போச்சு.

அப்புறம் நம்ம எல்லார் வீட்டிலும் நடந்ததுதான். கடையில் ஃபியூஸ் கம்பி வாங்க நேரமில்லை. கையில் கிடைத்த வயரைப் பிரித்து ரெண்டு இழையை முறுக்கிப் போடறது. அதுவும் போச்சுன்னா நாலு இழை. "இப்ப போகாது பாரு!" அப்புறம் போகவே இல்லை. எங்க மெயினில் இருந்த ஃபியூஸ் கட்டைகளில் கட்டியிருந்த கம்பியில் துணி காயப் போடலாம்.

ஃபியூஸ் சாமானைக் காப்பாத்த இருக்குன்னு நிறைய பேர் நினைக்கறோம். ஃபியூஸ் காப்பாத்தறது சுவருக்குள்ளே இருக்கிற வயரை. வயர் சூடாகும் முன்னால் ஃபியூஸ் உருகணும். ஃபியூஸைத் தடிமனாக்கினா, முதலில் உருகப்போவது சுவருக்குள்ளே இருக்கிற ஏதோ ஒரு முறுக்கு.

இன்னொண்ணு. ஃபியூஸ் மனுஷனைக் காப்பாத்தவே காப்பாத்தாது. 5 ஆம்பியர்னா 5000 மில்லி ஆம்பியர். ஒரு ஆளைக் கொல்ல அதில் ஐம்பதில் ஒரு பங்கு போதும். ஒரு ஆள் ஷாக் அடித்துச் செத்துக்கொண்டிருந்தாலும் ஃபியூஸுக்கு ஒண்ணுமே தெரியாது.

நான்காவது கை

இப்போ கிரைண்டருக்கு வரலாம். கோவைக்காரனுக்குக் கிரைண்டர் ஒரு கௌரவப் பிரச்சினை, தெரியுமில்ல? வெட் கிரைண்டர் வளர்ந்ததே எங்க ஊரில்தான், பிற்பாடு புவிசார் குறியீடே வாங்கிட்டோம். எங்க வீட்டுக்கு 1986 பொங்கலுக்கு வந்தது. இரும்புச் சட்டம், அரை எச்.பி. மோட்டார், நடுவில் குழவி. அதைச் சமையலறையின் ஒரே பிளக் பாயின்டில் செருகினாங்க. ரெண்டு பின் பாயின்ட். எர்த் இல்லை.

ஈரக் கை, ஈரத் தரை, இரும்புச் சட்டம். மாவைத் தள்ளிவிடும்போதெல்லாம் அம்மாவுக்கு 'சுர்ர்'ருன்னு இழுக்கும். அந்தக் காலத்தில் இதுக்கு வீட்டுக்கு வீடு ஒரே வைத்தியம்: ரப்பர் செருப்பு, இல்லேன்னா பலகை. எங்கம்மா பலகை மேல் நின்று ஆட்டினாங்க. சமையலறையில் செருப்புப் போட அப்பத்தா விடமாட்டாங்க.

போன வருஷம் அந்தப் பாயின்டைக் கழற்றினோம். ரெண்டு பின் இருந்த இடத்தில் யாரோ மூணு பின் சாக்கெட் மாட்டியிருந்தாங்க. எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டு வயர். அது போன இடம், பக்கத்தில் இருந்த நியூட்ரல் திருகு.

அண்ணன் அதைப் பார்த்ததும் கையை எடுத்துட்டார். "யாரு சார் இந்த வேலையைப் பண்ணினது? ஆளைக் கொல்ற வேலைங்க இது."

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரலை. அந்தத் துண்டு வயர் பச்சையும் வெள்ளையும் முறுக்கினது. என் டேபிள் லாம்ப்பிலிருந்து வெட்டினது. 1987, நான் எஞ்சினியரிங் ரெண்டாவது வருஷம். லீவுக்கு வந்தப்போ அம்மா ஷாக் அடிக்குதுன்னு சொன்னாங்க. நான் புத்திசாலி இல்லையா? "நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மர்ல எர்த் பண்ணித்தானே இருக்கு? அப்ப நியூட்ரலும் எர்த்தும் ஒண்ணுதானே?" குழி வெட்ட வேணாம், கம்பி இழுக்க வேணாம். அரையடி வயர், பத்து நிமிஷ வேலை. ஷாக்கும் நின்னு போச்சு. அப்பா பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

எல்லாம் ஒழுங்கா இருக்கிற வரைக்கும் அது ஓடும். ஆனா நியூட்ரல் எங்கேயாவது அறுந்தா? பேஸ் மோட்டார் வழியா வந்து, திரும்பிப் போக வழியில்லாம, என் துண்டு வயர் வழியாக் கிரைண்டரின் இரும்பு உடம்பு முழுக்க ஏறி நிற்கும். முழு 230 வோல்ட். கிரைண்டர் ஓடாது, லைட் எரியாது, கரண்ட் போச்சுன்னு நினைப்போம். தொட்டா ஆள் காலி.

நியூட்ரல் எப்படி அறும்? ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, நியூட்ரலில் ஒரு ஃபியூஸ். 1936-ல் வைத்தது. அது போனா நியூட்ரல் அறுந்த மாதிரிதான். அதனால்தான் 1956-ஆம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில் நியூட்ரலில் தனியாக ஃபியூஸோ சுவிட்சோ வைக்கக்கூடாதுன்னு எழுதினாங்க. விதி வந்து முப்பது வருஷம் கழித்து நான் திருப்புளியோடு வந்தேன். மெயினைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

1936-ல் வேலை பார்த்தவர் தன் காலத்து வழக்கப்படி சரியாத்தான் பண்ணினார். நான் படிச்சதை வச்சு நல்லது பண்றதா நினைச்சுப் பண்ணினேன். ரெண்டையும் தனித்தனியா வச்சா யாரும் சாகமாட்டாங்க. சேர்த்து வச்சா அது ஒரு பொறி.

அன்னிக்குச் சாயங்காலம் அம்மாகிட்டே போய் உட்கார்ந்தேன். விஷயத்தைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க.

"அதானா கண்ணு அது? நீ வேலைக்குப் போன புதுசுல ஒருக்கா ஃபியூஸ் போச்சு. கரண்ட் இல்லியேன்னு கிரைண்டரைத் தொட்டேன். தூக்கி எறிஞ்சுது. பலகை மேல நின்னதால பொழச்சேன். உங்கப்பா ஃபியூஸைப் போட்டதும் மறுபடி ஓடுச்சு."

"ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்லை?"

"நீ ஆசையாப் பண்ணிக் குடுத்தது. சொன்னா நீ வருத்தப்படுவே."

அதுக்கப்புறமும் ஆறேழு வருஷம் அதே பாயின்டில் மாவாட்டியிருக்காங்க. புதுசா டேபிள் டாப் கிரைண்டர் வாங்கி இடம் மாத்தின பிறகுதான் அந்தப் பாயின்ட் சும்மா கிடந்தது.

ஐந்தாவது கை, ஒரு பார்வை

1996 முகப்பூச்சைச் சொல்லாம விடக்கூடாது. அப்போ வந்தவங்க பீங்கான் ஃபியூஸுக்கு முன்னால் அழகா ஒரு எம்.சி.பி. பெட்டி வைத்தாங்க. வெள்ளை நிறம், பளபளன்னு சுவிட்சுகள். சுவரில் பி.வி.சி. பைப் பதித்து, வெளியே தெரியற இடத்துக்கெல்லாம் செம்பு வயர். பார்த்தா புது வயரிங் மாதிரியே இருக்கும். ஆனா டைல்ஸ் ஒட்டாத இடத்தில் பைப் நின்னுபோச்சு. அங்கிருந்து அந்தப் பக்கம் 1967, அதுக்கு அந்தப் பக்கம் 1936. பழைய ஃபியூஸ் கட்டைகளையும் எடுக்கவில்லை, பெட்டிக்குப் பின்னால் அப்படியே விட்டு, மேலே பலகை வைத்து மூடிட்டாங்க. அண்ணன் முதல் நாள் நாலு கை என்றார். என்னையும் சேர்த்து எண்ணியிருந்தால் அஞ்சு.

இதுதான் இருக்கிறதிலேயே மோசம்னு எனக்குப் படுது. மத்தவங்க செய்தது கண்ணுக்குத் தெரிந்தது, இவங்க அதை மறைச்சாங்க. வெள்ளைப் பெட்டியைப் பார்த்து இருபது வருஷத்துக்கும் மேலே நிம்மதியாத் தூங்கினோம்.

என்ன செய்தோம்

"பாத்ரூமுக்கு மட்டும் புதுசு இழுத்துரலாம், மத்ததைத் தொட வேண்டாம்" என்று மேஸ்திரி சொன்னார். பட்ஜெட்டும் அதையேதான் சொன்னது. அதை ஒத்துக்கிட்டா நான்தான் ஆறாவது கை. அதனால் லைசென்ஸ் உள்ள ஆளை வைத்து மொத்த வீட்டுக்கும் புதுசா இழுத்தோம். தங்கமணியின் மாடுலர் கிச்சன் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போனது. (அதுக்கான தண்டனை தனியா நடந்துகிட்டு இருக்கு.)

விவரம் வேணுங்கறவங்களுக்கு: லைட்டுக்கு ஒன்றரை, பிளக்குக்கு ரெண்டரை, கீசருக்கும் ஏ.சி.க்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். ஒவ்வொரு பாயின்டுக்கும் பச்சை எர்த் வயர். தோட்டத்தில் ரெண்டு எர்த் குழி. ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் அதன் சொந்த நியூட்ரல், பக்கத்து சர்க்யூட்டிலிருந்து கடன் வாங்கக்கூடாது. எல்லாத்துக்கும் மேலே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போன கரண்ட்டும் திரும்பி வந்த கரண்ட்டும் சமமான்னு அது பார்த்துக்கிட்டே இருக்கும். கணக்கு உதைச்சா, யாரோ ஒருத்தர் உடம்பு வழியா மண்ணுக்குப் போகுதுன்னு அர்த்தம், உடனே துண்டிச்சுடும். 1987-ல் நான் தீர்க்க நினைச்ச பிரச்சினைக்கு எர்த்தும் இதுவும் சேர்ந்ததுதான் பதில். முடித்ததும் மெகர் வைத்து எல்லா லைனையும் சோதித்தோம்.

பழைய வயர் ஒரு அடிகூட உள்ளே இல்லை. எல்லாத்தையும் உருவி எடுத்து முற்றத்தில் குவித்தோம். பழைய இரும்புக்காரர் 1936 வயரை அலுமினியம் விலைக்குக் கேட்டார். பிளேடால் சுரண்டிக் காட்டினேன் :-)

பூச்சு வேலைக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்தேன். எந்தப் பைப் எங்கே போகுது, எந்த வயர், எந்தத் தேதின்னு ஒரு படம் வரைந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு மீட்டர் பெட்டிக்குள் ஒட்டியிருக்கேன். எனக்கு முன்னால் வந்த யாரும் அப்படி ஒரு தாள் வைக்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான். வைத்திருந்தால் 1987-ல் அந்தப் பையன் நியூட்ரல் ஃபியூஸைப் பார்த்திருப்பான்னு ஒரு நப்பாசை.

தேக்கு வாய்க்காலில் ஒரு முழம் மட்டும் அலமாரியில் வச்சிருக்கேன். பக்கத்தில் அந்தப் பச்சை வெள்ளை வயர். யாராவது வந்து "முன்னாடி வேலை பார்த்தவன் மட்டும் கையில கிடைச்சான்..."னு ஆரம்பிச்சா எடுத்துக் காட்டறதுக்கு.

அம்மா இப்பவும் பலகை மேல் நின்னுதான் கிரைண்டர் போடறாங்க. இனிமே தேவையில்லைம்மா, எர்த் இருக்கு, பிரேக்கர் இருக்குன்னு நானும் அண்ணனும் மாத்தி மாத்திச் சொல்லிப் பார்த்தோம்.

"அது இருக்கட்டும் சாமி. பலகையும் இருக்கட்டும்."

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் திருப்புளியை எடுக்காதீங்க. ஆனா சொந்த ஊர் வீட்டில் வயசானவங்க இருந்தா, அடுத்த தடவை போகும்போது லைசென்ஸ் உள்ள ஒரு வயர்மேனைக் கூப்பிட்டு மெயின் பாக்ஸைத் திறந்து காட்டச் சொல்லுங்க. அப்படியே அவங்களுக்கு எங்கேயாவது 'சுர்ர்'ருன்னு அடிக்குதான்னும் கேளுங்க. கேட்காம அவங்க சொல்லமாட்டாங்க.